சம்பளம் கிடையாது, தீயணைக்கும் வேலை மட்டும் உண்டு: ஆஸ்திரேலிய கிராமங்களின் தன்னார்வ தீயணைப்புப் படை இயங்குவது எப்படி?

2019 டிசம்பர் 19, இரவு நேரம். சிட்னிக்குத் தென்மேற்கே பக்ஸ்டன் என்ற சிற்றூர் அருகே காட்டுத்தீயை அணைக்கச் சென்றது ஒரு தீயணைப்பு வண்டி. வழியில் ஒரு மரம் சாய்ந்து விழ, வண்டி சாலையை விட்டு உருண்டது. முன்னிருக்கையில் இருந்த இரண்டு பேரும் அங்கேயே உயிரிழந்தனர். மேலும் மூன்று பேர் காயமடைந்தனர்.

இறந்த இருவருமே முப்பதுகளில் இருந்த இளம் அப்பாக்கள். பிறகு நடந்த இறுதிச் சடங்கில், ஒருவரின் 19 மாதக் குழந்தையின் சட்டையில், அப்பாவுக்கான பதக்கத்தைத் தீயணைப்புத் துறை ஆணையர் குத்திவிட்ட படம் உலகம் முழுக்கப் பரவியது.

படத்தைப் பார்த்துக் கலங்கிய பலருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. அந்த இருவரும் இந்த வேலைக்காக ஒரு டாலர்கூட சம்பளம் வாங்கியதில்லை. இருவருமே தன்னார்வலர்கள்.

சம்பளமே இல்லாமல் இவ்வளவு ஆபத்தான வேலைக்கு ஏன் போகிறார்கள்? யார் சேர்க்கிறார்கள்? வண்டிக்கும் டீசலுக்கும் யார் காசு கொடுக்கிறார்கள்? உதவ நினைப்பவர்கள் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

யார் இவர்கள்?

சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இரண்டு தீயணைப்பு அமைப்புகள் இருக்கின்றன. நகரங்களுக்கும் பெரிய ஊர்களுக்கும் 'ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ' என்ற துறை. அதில் இருப்பவர்கள் பணம் பெறும் வீரர்கள். கிராமம், பண்ணை, காடு என்று மீதமுள்ள பகுதிகளுக்கு 'ரூரல் ஃபயர் சர்வீஸ்', சுருக்கமாக ஆர்எஃப்எஸ்.

மாநிலத்தின் நிலப்பரப்பில் சுமார் 95 சதவீதம் ஆர்எஃப்எஸ் பொறுப்பில்தான் வருகிறது. இதில் 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். உலகின் மிகப்பெரிய தன்னார்வ தீயணைப்புப் படை இதுதான். நிர்வாகம், திட்டமிடல் போன்ற வேலைகளுக்குச் சம்பள ஊழியர்களும் உண்டு. ஆனால் குழாயைப் பிடித்துக்கொண்டு தீக்கு முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்தான்.

இவர்கள் சுமார் 2,000 'பிரிகேட்'களாகப் பிரிந்திருக்கிறார்கள். பிரிகேட் என்றால் ஒரு ஊரின் அல்லது ஒரு வட்டாரத்தின் குழு. அதற்கு ஒரு ஷெட், ஒன்றிரண்டு வண்டிகள், ஒரு கேப்டன். அந்த கேப்டனை மேலிருந்து யாரும் நியமிப்பதில்லை, உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பால் பண்ணைக்காரர், பள்ளி ஆசிரியை, லாரி டிரைவர், எலெக்ட்ரீஷியன், ஓய்வுபெற்றவர் என எல்லாரும் இதில் உண்டு. அழைப்பு வந்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

சம்பள வீரர்களையே வைத்தால் என்ன?

நியாயமான கேள்வி. பதில், நிலத்தின் அளவில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பெரியது. மக்கள் பெரும்பாலும் கடற்கரை நகரங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள். உள்நாட்டில் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே பல கிலோமீட்டர் தூரம் இருக்கும். ஒவ்வொரு வட்டாரத்திலும் 24 மணி நேரமும் சம்பள வீரர்களை உட்கார வைப்பது நடைமுறையில் சாத்தியமில்லை.

இன்னொரு காரணம், நேரம். புல்லில் பிடித்த தீ காற்றடித்தால் நிமிடங்களில் கைமீறிப் போய்விடும். நம்ம ஊரில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டால், வண்டி வருவதற்கு முன்னாலேயே குடத்தோடு ஓடிவருவது பக்கத்து வீட்டுக்காரர்தானே? அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கே பயிற்சியும் சீருடையும் டேங்கரும் ரேடியோவும் கொடுத்து, சட்டப்படி ஒரு பொறுப்பையும் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் பிரிகேட்.

இந்த ஏற்பாட்டுக்கு நூறு வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. மாநிலத்தின் முதல் அதிகாரப்பூர்வ காட்டுத்தீ பிரிகேட், தெற்கே பெரிகன் என்ற ஊரில் 1900ல் தொடங்கப்பட்டது. பல பத்தாண்டுகள் தனித்தனியாக இயங்கிய இந்தக் குழுக்களை ஒரே தலைமையின் கீழ் கொண்டுவர 1994 ஜனவரியில் ஏற்பட்ட பெரும் தீ காரணமானது. 1997ல் தனிச் சட்டம் வந்தது, ஆர்எஃப்எஸ் உருவானது.

சேருவது எப்படி?

பொதுவாக 16 வயது ஆகியிருக்க வேண்டும். வசிக்கும் இடத்துக்கு அருகில் உள்ள பிரிகேடை அணுக வேண்டும். குற்றப் பின்னணி சரிபார்க்கப்படும், உடல்நிலை பற்றிய விவரம் கேட்கப்படும். அதன்பிறகு பிரிகேட் உறுப்பினர்கள் கூட்டம் போட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் சில மாதங்கள் புரொபேஷன்.

பிறகு அடிப்படைப் பயிற்சி. பெரும்பாலும் வேலை முடிந்த மாலை நேரத்திலும் வார இறுதியிலும் நடக்கும். குழாயைக் கையாள்வது, பம்ப்பை இயக்குவது, வரைபடம் படிப்பது, ரேடியோவில் பேசுவது, காற்றின் போக்கைக் கவனிப்பது எல்லாம் இதில் அடக்கம். தீ வண்டியையே சூழ்ந்துகொண்டால் உள்ளே எப்படி உயிர் தப்புவது என்பதற்கும் தனி ஒத்திகை உண்டு. பயிற்சிக்கும் பாதுகாப்பு உடைக்கும் தன்னார்வலர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

தேர்ச்சி பெற்றால் காட்டுத்தீ வீரர். அடுத்த கட்டத்தில் வீடு, வாகனத் தீயைக் கையாளும் பயிற்சி. அதற்கு மேல் குழுத் தலைவர் பயிற்சி. படிப்படியாகத்தான் மேலே போக முடியும்.

இதில் எல்லாரும் தீக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ரேடியோ அறையில் உட்காருவது, களத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு தயாரிப்பது, பொருட்களைக் கொண்டுசேர்ப்பது, வீடுவீடாகப் போய் விழிப்புணர்வு ஏற்படுத்துவது என்று பல பொறுப்புகள் இருக்கின்றன. முழங்கால் வலி இருப்பவருக்கும் இங்கே வேலை உண்டு.

"நல்ல மனசு இருந்தால் போதாதா? பயிற்சி எதற்கு?"

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியா கொடுத்த விலை பெரிது.

1998 டிசம்பர் 2. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில், லிண்டன் என்ற ஊருக்கு அருகே காட்டுத்தீ. ஒரு டேங்கர் குழு தண்ணீர் நிரப்பச் சென்றுகொண்டிருந்தபோது காற்று திடீரென்று திசை மாறியது. பக்கவாட்டில் இருந்த தீ அப்படியே வண்டிமேல் பாய்ந்தது. ஐந்து தன்னார்வலர்களும் உயிரிழந்தனர்.

இதற்குப் பிறகுதான் விக்டோரியாவில் குறைந்தபட்சப் பயிற்சி முடிக்காத யாரும் தீக்களத்துக்குப் போகக் கூடாது என்ற விதி இறுகியது. டேங்கரில் உள்ள தண்ணீரை முழுவதும் அடித்துத் தீர்க்கக் கூடாது, குழுவின் உயிரைக் காக்க ஒரு பங்கை எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதும் எழுதப்படாத பழக்கமாக இல்லாமல் கண்டிப்பான நடைமுறையாக மாறியது.

பயிற்சி இல்லாமல் உணர்ச்சிவசப்பட்டு ஓடிவருபவர், உதவியாளராக இருப்பதைவிட மீட்கப்பட வேண்டிய இன்னொரு ஆளாக மாறிவிடும் ஆபத்து அதிகம். தீ எரிந்துகொண்டிருக்கும்போது "நானும் வர்றேன்" என்று வருபவரை பிரிகேட் வண்டியில் ஏற்றாததற்குக் காரணம் இதுதான். சேர விரும்புபவர்கள் குளிர்காலத்திலேயே வந்து சேர வேண்டும்.

வேலைக்கு லீவு யார் கொடுப்பது?

தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை. ஆனால் அவருடைய வேலையும் கடையும் பண்ணையும் ஒருநாள் நின்றால் நஷ்டம் உண்டு. அந்தச் செலவை யாரோ ஒருவர் ஏற்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் 2009ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட அவசரகால அமைப்பின் தன்னார்வலர் அழைப்பு வந்தால் வேலையை விட்டுப் போகலாம். நியாயமான அளவில் இருக்கும்வரை இத்தனை நாள்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. ஆனால் அது சம்பளம் இல்லாத விடுப்பு. சம்பளத்தோடு அனுப்புவது முதலாளியின் விருப்பம்.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சமாளிக்கலாம். 2019-20 கோடையில் நடந்தது அப்படியில்லை. 'கருப்புக் கோடை' என்று அழைக்கப்படும் அந்தப் பருவத்தில் நியூ சவுத் வேல்ஸில் மட்டும் சுமார் 55 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு அது. 2,400க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. தன்னார்வலர்கள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் களத்தில் இருந்தார்கள்.

"வீட்டு வாடகை யார் கட்டுவது?" என்ற கேள்வி தேசிய அரசியல் ஆனது. தன்னார்வலர்கள் விரும்பித்தான் போகிறார்கள் என்ற தொனியில் முதலில் பேசிய அன்றைய பிரதமர் ஸ்காட் மோரிசன், அழுத்தம் கூடியதும் டிசம்பர் 29 அன்று நிவாரணம் அறிவித்தார். பத்து நாட்களுக்கு மேல் களத்தில் இருந்த, சுயதொழில் செய்யும் அல்லது சிறு, நடுத்தர நிறுவனங்களில் வேலை பார்க்கும் நியூ சவுத் வேல்ஸ் தன்னார்வலர்களுக்கு நாளுக்கு 300 டாலர் வரை, அதிகபட்சம் 6,000 டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 3 லட்சம் ரூபாய். மத்திய அரசு ஊழியர்களாக இருக்கும் தன்னார்வலர்களுக்குக் கூடுதல் சம்பள விடுப்பும் அறிவிக்கப்பட்டது.

இதிலும் இரண்டு கருத்து இருந்தது. காசு கொடுக்க ஆரம்பித்தால் தன்னார்வம் என்பதே போய்விடும் என்றார்கள் ஒரு தரப்பினர். வருமானம் இழந்தவரின் குடும்பம் எதைச் சாப்பிடும் என்று கேட்டார்கள் இன்னொரு தரப்பினர். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

காயம்பட்டால் என்ன ஆகும்? தன்னார்வலர்களுக்கும் இழப்பீடு வழங்க நியூ சவுத் வேல்ஸில் 1987லேயே சட்டம் வந்துவிட்டது. தீப்புகையில் வேலை செய்தவர்களுக்கு வரும் 12 வகைப் புற்றுநோய்களை, பணியால் வந்ததாகவே கருதி இழப்பீடு தரும் சலுகை 2018ல் தன்னார்வலர்களுக்கும் கிடைத்தது. அதற்கு முன்பு, நோயாளியே அதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

வண்டிக்கும் டீசலுக்கும் காசு எங்கிருந்து வருகிறது?

கேக் விற்று, கறி சுட்டு விற்று பிரிகேட் பணம் திரட்டும் காட்சிகள் ஆஸ்திரேலிய கிராமங்களில் சகஜம். அதை வைத்து இந்தப் படையே நன்கொடையில் ஓடுகிறது என்று நினைத்தால் தவறு.

நியூ சவுத் வேல்ஸில் அவசரகால சேவைகளுக்கான நிதியில் 73.7 சதவீதம் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்தும், 11.7 சதவீதம் உள்ளாட்சி மன்றங்களிடமிருந்தும், 14.6 சதவீதம் மாநில அரசிடமிருந்தும் வருகிறது. காப்பீட்டு நிறுவனம் தன் பங்கை பாலிசிதாரர் தலையில்தான் கட்டும். அதாவது வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தவர் தீயணைப்புக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார். எடுக்காதவர் கட்டுவதில்லை. ஆனால் தீப்பிடித்தால் இரண்டு பேர் வீட்டுக்கும் ஒரே வண்டிதான் வரும்.

இது நியாயமா என்ற கேள்வி எழுந்ததால், இந்த முறையை மாற்றப்போவதாக மாநில அரசு 2023 இறுதியில் அறிவித்தது. மாற்றுவது சுலபமில்லை என்பதற்கு விக்டோரியாவே உதாரணம். அங்கே 2025 ஜூலையில் சொத்து அடிப்படையிலான புதிய அவசரகால நிதி வரி அமலுக்கு வந்தது. வறட்சியில் தவித்த விவசாயிகளோடு தன்னார்வ தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து நாடாளுமன்றத்தின் முன் போராடினார்கள். இலவசமாகத் தீயணைப்பவர் தன் நிலத்துக்குக் கூடுதல் தீயணைப்பு வரியும் கட்ட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. பிறகு விவசாய நிலங்களுக்கான உயர்வை அரசு ஒத்திவைத்தது. தன்னார்வலர்களுக்கு வரியைத் திரும்பத் தரும் ஏற்பாடும் இருக்கிறது.

5.1 கோடி டாலர் குவிந்தும் சிக்கல் வந்தது ஏன்?

உதவி செய்ய நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

2020 ஜனவரி தொடக்கத்தில், நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் ஃபேஸ்புக்கில் ஒரு நிதி திரட்டலைத் தொடங்கினார். முதல் இலக்கு 30,000 டாலர். உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 13 லட்சம் பேர் பணம் போட்டார்கள். சேர்ந்தது 5.1 கோடி டாலருக்கும் மேல். அன்றைய மதிப்பில் சுமார் 250 கோடி ரூபாய்.

பணம் கொட்டக் கொட்ட, மற்ற மாநிலங்களுக்கும், வீடிழந்தவர்களுக்கும், காயமடைந்த கோலாக்களுக்கும் பகிர்ந்து தரலாம் என்ற பேச்சு எழுந்தது. பணம் போட்ட பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஆனால் ஃபேஸ்புக் பக்கத்தில் பணம் பெறுபவர் என்று குறிப்பிடப்பட்டிருந்தது ஆர்எஃப்எஸ் பிரிகேட்களுக்கான அறக்கட்டளை. தீயணைப்பு உபகரணம், பயிற்சி, நிர்வாகம் போன்றவற்றுக்கு மட்டுமே செலவிடலாம் என்பது அதன் விதி.

விவகாரம் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மே மாதம் தீர்ப்பு வந்தது. மற்ற தொண்டு நிறுவனங்களுக்கோ வனவிலங்குகளுக்கோ பிரித்துக் கொடுக்க முடியாது. அதே சமயம், இறந்த, காயமடைந்த தன்னார்வலர்களின் குடும்பங்களுக்கு நிதி அமைக்கலாம், மனநல ஆலோசனைக்கும் செலவிடலாம் என்று நீதிமன்றம் வழிகாட்டியது.

யாரும் பணத்தை ஏமாற்றவில்லை. எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் பணம் யாருக்குப் போகிறது, எதற்குச் செலவாகும் என்ற ஒரு வரியைப் பலர் படிக்கவில்லை. வீடிழந்தவருக்குக் கொடுக்க நினைத்தால் நிவாரண அமைப்புக்குக் கொடுக்க வேண்டும். தீயணைப்பவருக்குக் கொடுக்க நினைத்தால் பிரிகேடுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு.

சேராமலே உதவ முடியுமா?

முடியும். வயது, உடல்நிலை, வேலை காரணமாகச் சேர முடியாதவர்கள் செய்யக்கூடிய முக்கியமான வேலை, தங்கள் வீட்டைத் தயாராக வைத்திருப்பது. கூரைத் தாழ்வாரத்தில் சேர்ந்த சருகை அகற்றுவது, வீட்டைச் சுற்றி உள்ள புல்லை வெட்டுவது, விறகுக் குவியலைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது.

இரண்டாவது, தண்ணீர். கிராமத்தில் தெருக்குழாய் இருக்காது. வீட்டில் உள்ள தண்ணீர்த் தொட்டியும் நீச்சல் குளமும்தான் டேங்கருக்கு உயிர். அதனால் தண்ணீர் இருக்கும் வீடுகள் வாசலில் ஒரு அடையாளப் பலகை வைக்கச் சொல்லப்படுகிறது. தொட்டியில் 65 மில்லிமீட்டர் 'ஸ்டார்ஸ்' இணைப்பு இருந்தால் வண்டியின் குழாயை உடனே மாட்டலாம். அது இல்லாவிட்டால் தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் எடுக்கத் தாமதமாகும்.

மூன்றாவது, சீக்கிரம் கிளம்புவது. வெளியேறச் சொன்ன பிறகும் தங்கிவிட்டு, கடைசி நிமிடத்தில் உதவி கேட்டால், அவரைக் காப்பாற்ற ஐந்தாறு தன்னார்வலர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்.

முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. ஒரு ஊழியர் தீயணைக்கப் போகும்போது சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்பும் கடைக்காரர், ஒரு பிரிகேடுக்கு வண்டி வாங்கித் தருவதற்குச் சமமான உதவியைச் செய்கிறார். ஆள் இல்லாத வண்டி ஷெட்டிலேயேதான் நிற்கும்.

ஆள் குறைகிறார்களா?

கிராமத்து இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் நகரம் போகிறார்கள். இருப்பவர்களுக்கு வயதாகிறது. பகலில் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போகிறவரால் அழைப்பு வந்ததும் ஷெட்டுக்கு ஓடிவர முடிவதில்லை. இது ஆஸ்திரேலியாவின் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1984ல் சுமார் 9 லட்சமாக இருந்த தன்னார்வ தீயணைப்பு வீரர்கள் 2020ல் 6.77 லட்சமாகக் குறைந்துவிட்டார்கள். அதே காலத்தில் அழைப்புகள் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டன.

பெரும் தீ வரும்போது சேர விண்ணப்பிப்பவர்கள் குவிகிறார்கள். கருப்புக் கோடையிலும் அதுதான் நடந்தது. தீ அணைந்து, டிவி கேமராக்கள் கிளம்பிய பிறகு, குளிர்கால செவ்வாய்க்கிழமை இரவில் பம்ப் பயிற்சிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில்தான் அடுத்த கோடையின் பாதுகாப்பு இருக்கிறது.

நியூ சவுத் வேல்ஸில் ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை சட்டப்படி காட்டுத்தீ அபாய காலம். வெப்பமும் வறட்சியும் கூடினால் அது முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த மாதங்களில் யாரோ ஒருவரின் பேஜர் எந்த நிமிடமும் அலறலாம். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போவார். அந்த நாளின் கூலி, அந்தக் குடும்பத்தின் பயம், பண்ணையில் கறக்காமல் நிற்கும் மாடு எல்லாம் சேர்ந்ததுதான் இந்தச் 'சம்பளமில்லாத' சேவையின் செலவு. அதை அவர் வீடு மட்டுமே சுமக்குமா, ஊரும் அரசும் சேர்ந்து சுமக்குமா என்பதுதான் ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் ஆஸ்திரேலியா பதில் சொல்ல வேண்டிய கேள்வி.